தோட்டத்தில் மூன்று பெண்கள்: குடும்பப் படமாக வந்த ஒரு நீர்வண்ண ஓவியம்

பின்னணி

பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் கூடத்தில் மூன்று தலைமுறையாகத் தொங்கிய நீர்வண்ண ஓவியம் இது. பள்ளி நோட்டைவிடக் கொஞ்சம் பெரிய தாள். கல் தொட்டி, ரோஜாப் புதர், பின்னால் மங்கலாக ஒரு மரவரிசை. நடுவே மூன்று பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி கையில் சிறு குடை. இன்னொருத்தி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். மூன்றாமவள் ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்திருக்கிறாள். கையெழுத்து எதுவும் இல்லை.

சட்டகத்தின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மூன்று பெண்களின் பெயர்கள். அவர்கள் இந்தக் குடும்பத்து முன்னோரான மூன்று சகோதரிகள், தோட்டம் அவர்கள் பிறந்த வீட்டுத் தோட்டம் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. சீட்டின் மையும் எழுத்தும் படத்துக்கு மிகவும் பிந்தியவை. யாரோ ஒருவர் பின்னாளில் கேள்விப்பட்டதை எழுதி ஒட்டியிருக்கிறார்.

படத்தை எங்கள் காகிதப் பாதுகாப்புப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். வீட்டைக் காலி செய்யும் நேரம். தம்பிக்கு அதை ஏலத்தில் விற்க எண்ணம். அக்காவுக்கு வைத்துக்கொள்ள ஆசை. எண்பது வயதைக் கடந்த அவர்களின் அத்தையோ, சீட்டில் உள்ள பெயர்களில் ஒன்று தன் பாட்டியின் தாயாருடையது என்று உறுதியாகச் சொன்னார். இருவரும் கேட்டவை ஒன்றே: பழுப்புப் புள்ளிகளை நீக்க வேண்டும், நெளிந்த தாளைச் சமமாக்க வேண்டும், மங்கிய நிறத்தை முடிந்தால் மீட்க வேண்டும்.

முதலில் கண்டவை

சட்டகத்துக்குள், படம் தெரிவதற்காக நடுவில் சன்னல் போல வெட்டிய அட்டை இருந்தது; அது மரக்கூழில் செய்தது. அந்த அட்டை காலப்போக்கில் அமிலமாகிவிடும்; அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓவியத் தாளில் சன்னல் விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு விழும். இங்கும் விழுந்திருந்தது. நான்கு மூலைகளிலும் விலங்குப் பசை. வானம் தீட்டிய பகுதியில் பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. தாள் நெளிந்திருந்ததற்குக் காரணம் மூலைகள் அசைய முடியாமல் ஒட்டப்பட்டதுதான்: ஈரம் ஏறும்போது தாள் விரியப் பார்க்கும், மூலை விடாது, நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும்.

காலத்தைக் கணிப்பது அத்தனை கடினமாக இல்லை. மூவரின் பாவாடைகளும் பெரிய கூண்டு போல விரிந்திருந்தன. எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் கூண்டு 1856-இல் காப்புரிமை பெற்றுச் சந்தைக்கு வந்தது. 1860 வாக்கில் பாவாடை எல்லாப் பக்கமும் உருண்டு நிற்கும். அதன் பிறகு சில ஆண்டுகளில் முன்பக்கம் தட்டையாகி, அகலம் முழுவதும் பின்னால் போகத் தொடங்கியது. படத்தில் இருப்பது அந்த மாற்றத்தின் தொடக்கம். அதனால் 1860-களின் முதற்பாதி என்று குறித்துக்கொண்டோம். உடையை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்வது ஆபத்து; பழைய உடை போட்ட பெண்களைப் பிற்காலத்தில் வரைந்து விற்ற ஓவியர்கள் அந்த நூற்றாண்டில் நிறையப் பேர். ஆனால் அவர்கள் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டுப் பட்டு உடையையும் பவுடர் பூசிய கூந்தலையும்தான் நாடினார்கள். கிரினோலினை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

புற ஊதா ஒளியில் வெள்ளை லேஸ் பகுதிகள் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தன. அது துத்தநாக வெள்ளையின் குணம். வின்சர் & நியூட்டன் நிறுவனம் அதை 1834-இல் 'சைனீஸ் ஒயிட்' என்ற பெயரில் நீர்வண்ணமாக விற்கத் தொடங்கியது. ஈய வெள்ளையாக இருந்திருந்தால் லேஸ் இந்நேரம் கறுத்திருக்கும். வெள்ளை நல்ல நிலையில் இருக்கிறது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

அடுத்தது சாய்வொளி. அறையை இருட்டாக்கி, ஒரே விளக்கைத் தாளின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது. நெளிவுகளைப் பதிவுசெய்வதற்காக வழக்கமாகச் செய்கிற வேலைதான். நெளிவுகளுக்கு நடுவே வேறொன்றும் தெரிந்தது. மூன்று பெண்களின் உருவக்கோடு நெடுகிலும், பாவாடை மடிப்புகள், கையுறை, தொப்பியின் ரிப்பன் வரைக்கும், தாளில் மெல்லிய பள்ளம். மழுங்கிய ஊசியால் அழுத்தி இழுத்தது போன்ற கோடு. மரங்களிலும் கல் தொட்டியிலும் அது இல்லை.

முடிவை ஒத்திவைத்தது

நெளிந்த தாளைச் சரிசெய்யும் வழக்கமான முறை, அதற்கு மெதுவாக ஈரப்பதம் கொடுத்து, உறிஞ்சு தாள்களுக்கு நடுவே எடை வைத்துக் காயவிடுவது. அப்படிச் செய்திருந்தால் தாள் சமமாகியிருக்கும். கூடவே அந்தப் பள்ளக் கோடுகளும் போயிருக்கும். அவை எதற்கு என்று தெரிகிற வரை தாளில் ஈரம் படக்கூடாது என்று முடிவெடுத்தோம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. ஏலத்துக்குப் படம் கொடுக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. காரணத்தை எழுத்தில் கேட்டார், கொடுத்தோம்.

ஈரம் தேவைப்படாத வேலை ஒன்று இருந்தது: அட்டையைத் திறப்பது. அதை உரிமையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தோம். சன்னல் அட்டையைத் தூக்கியதும் தாளின் ஓரங்கள் வெளியே வந்தன. ஒவ்வொரு பெண்ணுக்கும் நேராகக் கீழ் ஓரத்தில் பென்சிலில் 1, 2, 3 என்று எண். எண்களுக்குப் பக்கத்தில் சிறு குறிப்புகள்: டஃபெட்டா என்ற பட்டுத்துணி, கறுப்பு லேஸ், எத்தனை வரிசை மடிப்பு என்று. யாருடைய பெயரும் இல்லை. குடும்ப உருவப்படத்தில் துணியின் வகையை எழுதிவைப்பவர் யார்?

இன்னொன்றும் இருந்தது. வலப்பக்கப் பெண்ணின் பாவாடை விளிம்பு அட்டைக்கு அடியில் ஒரு விரல் அகலம் ஒளிந்திருந்தது. கூடத்தில் தொங்கியபோது அந்த உடை சாம்பல் கலந்த நீலம். அட்டைக்கு அடியில் இருந்த பகுதியோ நல்ல ஊதா.

படம் எதற்காக வரையப்பட்டது

இவ்வளவும் சேர்ந்தபோது பதில் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. இது ஃபேஷன் இதழ் ஒன்றின் படத்தாளுக்கான மூல ஓவியம்.

19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இது பெரிய தொழில். ஓவியர் நீர்வண்ணத்தில் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அதை உலோகத் தகட்டில் இறக்குவார். கறுப்பு மையில் அச்சடித்த தாள்களுக்குப் பட்டறைகளில் கையால் வண்ணம் பூசுவார்கள், பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1843-இல் தொடங்கிய 'லு மோனித்தோர் த லா மோத்', 1860-இல் ஃபிர்மாங்-திதோ பதிப்பகம் தொடங்கிய வார இதழான 'லா மோத் இல்லுஸ்த்ரே' போன்றவை இப்படித்தான் வாழ்ந்தன. 1860 முதல் லண்டனின் பீட்டன் தம்பதியர் தங்கள் பெண்கள் இதழுக்குப் பாரிஸிலிருந்தே படத்தாள்களை வரவழைத்தார்கள். ஊருக்கு ஊர் தையற்காரிகள் இந்தத் தாளை வைத்துத்தான் உடை தைத்தார்கள். ஆகவே, உடையின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் மூன்றும் ஒரே படத்தில் தெரிந்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அந்த மூவரும் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்பது விளங்கும். முதுகு காட்டும் பெண் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. பாவாடையின் பின்மடிப்பைக் காட்டுகிறாள். நாற்காலியில் கை வைத்தவள் சட்டைக் கையின் விரிவைக் காட்டுகிறாள். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். உண்மையில் ஒருத்தியின் பார்வையும் இன்னொருத்தியைத் தொடவில்லை. துணிக்கடை வாசலில் நிறுத்திய பொம்மைகளைப் போல, அவரவர் அவரவர் திசையைப் பார்க்கிறார்கள். தோட்டமும் கற்பனைத் தோட்டம். கல் தொட்டியும் ரோஜாவும் இந்த வகைப் படங்களில் திரும்பத் திரும்ப வருபவை.

இதை மட்டமான கலை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். பிரெஞ்சு ஓவியர் செசான் 1870–71 வாக்கில் 'லா மோத் இல்லுஸ்த்ரே' படத்தாள்களைப் பார்த்தே தோட்டத்துப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். 1867-இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் நிராகரித்த மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' ஓவியத்தின் முன் ஓர்சே அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தால், விரித்துப் போட்ட பாவாடைகளிலும் ஒன்றோடொன்று சேராத பார்வைகளிலும் இதே சாயல் தெரியும். ஃபேஷன் படத்தாள் ஓவியர்களில் பெயர் பெற்றவர்கள் ஓவியர் அலெக்சாந்தர்-மரி கொலாங்கின் மகள்கள்: எலோயீஸ் லெலுவார், அனாயிஸ் தூதூஸ் (1822–1899), லோர் நோயெல். எலோயீஸின் மகன் மோரீஸ் லெலுவார் பின்னாளில் உடை வரலாற்றுச் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் 1920-இல் பாரிஸ் நகரத்துக்குக் கொடுத்த உடைகள்தான் இன்றைய கலியேரா அருங்காட்சியகத்தின் அடிப்படை. அம்மா படத்தில் வரைந்த உடைகளை மகன் துணியாகவே சேர்த்தார் என்று சொல்லலாம்.

அச்சைத் தேடியது

மூல ஓவியம் என்றால் அச்சு இருக்க வேண்டும். அக்காவின் மகள் ஆர்வத்தோடு இந்த வேலையை எடுத்துக்கொண்டார். 1860-களின் ஃபேஷன் இதழ்கள் பல இன்று மின்வடிவில் கிடைக்கின்றன. அவர் தொகுதி தொகுதியாகப் புரட்டியும் எதுவும் கிடைக்கவில்லை.

இங்கே அந்தப் பள்ளக் கோடுகள் உதவின. மெல்லிய ஒளிபுகும் தாளில் படி எடுத்து, அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் இறக்கினால், அச்சு மூலத்தைப் போலவே வரும். அப்போது மூலத்தில் இவ்வளவு ஆழமான தடம் விழ வாய்ப்புக் குறைவு. மூல ஓவியத்தையே தகட்டின் மேல் வைத்து, இடையில் சாயம் தடவிய தாளைச் செருகி, கோடுகளை ஊசியால் அழுத்தி இழுத்திருந்தால்தான் இப்படித் தடம் விழும். அப்படிச் செய்தால் தகட்டில் படம் நேராக விழும். அச்சில் இடம் வலமாகும். சரி, படத்தைத் திருப்பிப் போட்டுத் தேடச் சொன்னோம்.

கிடைத்தது. குடை பிடித்தவள் மறுபக்கம் போயிருந்தாள். மரவரிசை இல்லை, அதற்குப் பதில் ஒரு படிக்கட்டு. உருவக்கோடுகளில் மட்டும் பள்ளம் இருந்ததற்கும் இது பொருந்தியது: பின்னணியைச் செதுக்குநர் தாமாக மாற்றியிருக்கிறார். அச்சின் அடியில் ஓவியரின் பெயரும் இருந்தது. குடும்பம் கேட்டுக்கொண்டபடி இதழின் பெயரையோ ஓவியரின் பெயரையோ இங்கே எழுதவில்லை.

ஒரு நூலகத்தில் அதே தொகுதியின் கட்டுப்பிரதியை நேரில் பார்க்க முடிந்தது. புத்தகத்துக்குள் மூடியே இருந்ததால் கைவண்ணம் அப்படியே இருந்தது. வலப்பக்கத்து உடை, அதாவது அச்சில் இடப்பக்கத்து உடை, பளிச்சென்ற ஊதா. 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கைச் சாயத்துக்குப் பிறகு ஊதாவுக்கு வந்த மோகம் தெரிந்ததே. துணியில் அந்தச் சாயம் இருந்திருக்கலாம். எங்கள் படத்தில் ஓவியர் அந்த நிறத்தை நீலத்தோடு ஒரு சிவப்புச் சாயத்தைக் கலந்து வரவழைத்திருந்தார். நுண்ணோக்கியில் நீலத் துகள்கள் எல்லா இடத்திலும் தெரிந்தன. சிவப்பு அட்டைக்கு அடியில் மட்டும். கார்மைன் போன்ற சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளிறுபவை. சிவப்பு போனது, நீலம் நின்றது.

எடுத்த முடிவுகள்

நிறத்தை மீட்பது பற்றி முதலில். முடியாது என்று சொன்னோம். வெளிறிய சாயம் திரும்ப வராது. மேலே புதிதாக ஊதா பூசினால் அது நாங்கள் வரைந்த படமாகிவிடும். அச்சு தன் நிறத்தோடு கிடைத்திருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. அக்கா இதை உடனே ஏற்றுக்கொண்டார்.

பழுப்புப் புள்ளிகளை நீக்க வேண்டுமானால் தாளை நனைத்து வெளுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் சிவப்புச் சாயத்துக்கு அது ஆபத்து, கறுப்பு லேஸின் மேல் பளபளப்புக்காகப் பூசிய கோந்துக்கும் ஆபத்து. புள்ளிகள் பெரும்பாலும் வானத்தில்; முகங்களில் இல்லை. விட்டுவிட்டோம். எனக்குக் கேட்டால், 160 ஆண்டுப் பழைய தாளில் வானத்தில் நாலு புள்ளி இருப்பது பெரிய குறை இல்லை.

செய்தவை குறைவு. மூலைகளில் இருந்த விலங்குப் பசையை மெத்தில் செல்லுலோஸ் கூழை அந்த இடத்தில் மட்டும் வைத்து இளக்கி எடுத்தோம். பின்புறத்தை மென்மையான ஸ்பாஞ்சால் உலர் முறையில் துடைத்தோம். மூலைகள் விடுபட்டதும் நெளிவில் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிட்டது. எடை வைக்கவே இல்லை. பிறகு ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு, மேல் ஓரத்தில் மட்டும், அமிலமற்ற பருத்தி அட்டையில் தொங்கவிட்டோம்.

அட்டையின் சன்னலை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. பழைய அளவிலேயே வெட்டினால் படம் அழகாக இருக்கும்; எண்களும் குறிப்புகளும் மறைந்துவிடும். பெரிதாக வெட்டினால் பழுப்புக் கோடும் ஊதா ஓரமும் வெளியே தெரியும். தம்பி முதல் வழியைக் கேட்டார். நான் இரண்டாவதற்கு வாதாடினேன்: அந்த ஓரத்தை மறைத்தால் படம் மறுபடியும் 'பெயர் தெரியாத சீமாட்டிகள்' ஆகிவிடும். முடிவில் பெரிய சன்னல். ஆனால் ஊதா ஓரத்துக்கு இனி வெளிச்சம் படும் என்பதால், காட்சிக்கு வைக்காத நாட்களில் படம் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்த நிபந்தனை புதிதல்ல. 1886-இல் 'தி டைம்ஸ்' இதழில் நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் அழிகின்றனவா என்று பெரிய சண்டையே நடந்தது. அரசு கேட்டு ரசல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் 1888-இல் கொடுத்த அறிக்கை, கார்மைன் உட்படப் பல சாயங்கள் வெளிறுவதைச் சோதித்துக் காட்டியது. ஓவியச் சேகரிப்பாளர் ஹென்றி வான் 1900-இல் எடின்பரோவுக்கும் டப்ளினுக்கும் விட்டுச்சென்ற, ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ணங்களைச் சனவரியில் மட்டும் காட்ட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். வெயில் குறைந்த மாதம் அது. இன்று அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒளி அளவு 50 லக்ஸ், அதாவது மங்கிய வெளிச்சம்.

சீட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று தம்பி கேட்டார். கூடாது என்றோம். பெயர்கள் தவறாக இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் இந்தப் படத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு சான்று இல்லை. பாலியெஸ்டர் உறையில் போட்டுப் பின்பலகையில் வைத்திருக்கிறோம்.

பின்னர் நடந்தது

அத்தையிடம் விஷயத்தைச் சொல்வதை அக்கா ஏற்றுக்கொண்டார். அத்தை நம்பவில்லை. ஆனால் அவர் வாய்வழி வந்த ஒரு தகவல் வேறு பக்கம் இழுத்தது: தன் பாட்டியின் தாயார் பாரிஸில் "படத்துக்குக் கலர் போட்டவர்" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறார். குடும்பத்தார் திருமணப் பதிவேட்டைத் தேடி எடுத்தபோது, மணமகளின் தொழில் என்ற இடத்தில் வண்ணம் பூசுபவர் என்றே இருந்தது. பட்டறைகளில் வண்ணம் பூசியவர்கள் மாதிரிக்கு ஒரு வண்ணப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மூலம் அப்படி அவர் கைக்கு வந்திருக்கலாம். இது நிரூபணம் இல்லை. அறிக்கையில் 'சாத்தியம்' என்று மட்டுமே எழுதினோம்.

ஏலத்துக்குக் கொடுப்பதைத் தம்பி நிறுத்திக்கொண்டார். காரணத்தில் உணர்ச்சியும் கணக்கும் பாதிப்பாதி: பெயர் தெரிந்த ஓவியரின் படத்தை அதன் அச்சோடு சேர்த்து விற்றால் நல்ல விலை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இதற்கிடையில் உள்ளூர் அருங்காட்சியகம் ஒன்று உடைக் கண்காட்சிக்காகப் படத்தைக் கடன் கேட்டது. அச்சும் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. பார்வையாளர்கள் ஊதாவுக்கும் சாம்பல் நீலத்துக்கும் நடுவே மாறிமாறிப் பார்த்தார்கள். அத்தையும் வந்திருந்தார். விளக்கச் சீட்டில் தன் பாட்டியின் தாயார் பெயர் வண்ணம் பூசியவராக இருக்கிறதா என்று கேட்டார். உறுதியாகாததால் போடவில்லை என்று சொன்னதற்கு அவருக்கு வருத்தம்தான்.

இனி மாற்றிச் செய்பவை

சாய்வொளிப் பரிசோதனையை நெளிவைப் பதிவுசெய்யும் கட்டத்தில்தான் செய்துவந்தோம். இப்போது அதை மதிப்பீட்டின் முதல் நாளுக்குக் கொண்டுவந்துவிட்டோம், உரிமையாளரோடு என்ன வேலை என்று பேசி ஒப்புக்கொள்வதற்கு முன்பே. தாளை நனைக்கலாமா என்ற கேள்விக்குச் சாயங்கள் கரையுமா என்பது மட்டும் போதாது. தாளின் மேற்பரப்பில் படிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அச்சுக்கான மூலமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், தேடுகிறவர் கையில் படத்தின் நேர்ப்பிரதியும் திருப்பிய பிரதியும் ஒன்றாகவே கொடுக்கிறோம்.

குடும்பத்திடம் கேட்கும் கேள்விகளையும் மாற்றியிருக்கிறோம். படத்தில் இருப்பவர் யார் என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காலத்தில் வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்றும் முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். பெண்களின் தொழிலைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஊதா ஓரத்தில் ஒளித்தாங்கு சோதனை இன்னும் செய்யப்படவில்லை. மிகச் சிறிய புள்ளியில் பலத்த ஒளியைப் பாய்ச்சி, நிறம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளக்கும் கருவி எங்கள் பட்டறையில் கிடையாது. அடுத்த முறை படம் கடனுக்குப் போகும்போது, அந்தக் கருவி உள்ள இடத்தில் சோதித்த பிறகே எத்தனை வாரம் காட்டலாம் என்று முடிவு செய்வது என்று குடும்பத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.